பூட்டிக் கிடந்த ஃபேக்டரியின் சத்தம்

என் தாய்மாமன் மாடக்கண்ணுவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே போய்த் தோளைத் தட்ட வேண்டும். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அதே மனிதர் டீ ஃபேக்டரிக்குள் போய்விட்டால் கதையே வேறு. எந்த ரோலரில் பேரிங் தேய்கிறது, எந்த மோட்டார் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். சொன்னது நடக்கவும் நடக்கும். அவருக்கு அந்தக் காது ஒன்றுதான் கர்வம். பெண்சாதி சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை, வேறு எதை வைத்து அவர் கர்வப்படுவது?

மலையாளத்து மலையில், போனக்காட்டுக்குப் போகும் பாதையில் பிரிந்து மேலே ஏறினால் எங்கள் எஸ்டேட். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் எங்களுடையவை. பெண்கள் இலை பறித்தோம். மாமாவுக்குப் பதினேழு வயதிலிருந்தே ஃபேக்டரிக்குள் வேலை. வாட்டிய இலையைப் பிழிந்து முறுக்குகிற ரோலர் மெஷின்களுக்கு நடுவில் நின்றே அவர் ஆயுசு போனது. அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. எல்லாம் கையாலும் உதட்டாலும்தான். போதாததற்கு மாமா ஒரு நீளமான இரும்புக் கம்பி வைத்திருந்தார். அதன் ஒரு முனையை ஓடுகிற மெஷினில் ஊன்றி, மறு முனையை வலது காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மெஷினுக்கு என்ன நோவு என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். "இத வச்சா மெஷின் சொல்லுறது எப்படிக் கேக்கும்?" என்று அதைக் கொண்டுவந்து எங்கள் மண்ணெண்ணெய் பாட்டிலுக்கு மூடியாக்கினார்.

தொண்ணூற்றொன்பதில் ஃபேக்டரியை மூடினார்கள். காலையில் ஊத வேண்டிய சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான். முதலாளி பக்கத்து ஆட்கள் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு ஜீப்பில் இறங்கிப் போனார்கள். நாங்கள் லயத்தில்தான் இருந்தோம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வேறு போக்கிடம் ஏது? மெஷின் உள்ளே இருக்கிற வரைக்கும் எஸ்டேட் ஒரு நாள் திறக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த ஒரு நம்பிக்கையில் அடுப்பெரிந்தது.

சாவி வாட்ச்மேன் ஞானாபரணத்திடம் இருந்தது. அவர் பாறசாலைக்காரர், சபைக்குப் போகிற குடும்பம். பீடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு விதுரா வரைக்கும் நடந்து போய்வருவார். மாமா வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் சம்சாரம் சுசீலாபாய் தனியாளாகக் கிடந்த என் மாமாவுக்குத் தினமும் ஏதாவது கொடுத்து விடுவாள். மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அதில் ஒரு பங்கு, மீன் குழம்பு வைத்தால் அதில் ஒரு பங்கு. "அண்ணாச்சிக்கு எங்க வீட்டுச் சத்தமொண்ணும் கேக்காது, அதனால நாங்க நிம்மதியா சண்டை போடுவோம்" என்று சிரிப்பாள்.

மூடி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு விடியற்காலை மாமா வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"தாயி, ஃபேக்டரி ஓடுது."

நான் வெளியே வந்து நின்று கேட்டேன். மூடுபனி, பக்கத்து வீட்டுச் சேவல், வேறொன்றும் இல்லை. ஆனால் என் காதை நம்புவதா, மாமா காதை நம்புவதா? மெஷின் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் லயமே எழுந்துவிட்டது. ஆளாளுக்குக் காதைக் கூர்மையாக்கினார்கள். ஒருவன் தனக்கும் லேசாகக் கேட்பதாகச் சொன்னான். அப்புறம் நாலு பேருக்குக் கேட்டது. வெளியாட்களை வைத்து இலை பறித்து, இருட்டோடு இருட்டாகத் தூளாக்கிக் கடத்துகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாய்க்குக் காலும் கையும் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லோரும் கும்பலாக இறங்கிப் போனோம். ஃபேக்டரி கீழே ஓடைக்கரையில் இருந்தது. அந்த ஓடை பாறையில் விழுந்து வருடம் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். ஓடையை நெருங்கியதும் மாமா நின்றார். "சத்தம் நின்னுட்டு" என்றார். "நாம வாறதப் பாத்து நிறுத்திட்டானுவ." கதவில் பூட்டு தொங்கியது. ஞானாபரணம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இத்தனை பேரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும் இதே கதை. லயத்தில் நின்றால் மாமாவுக்கு ஓடுகிறது, ஓடைக்கு வந்தால் நின்றுவிடுகிறது. யாரோ உள்ளே தகவல் கொடுக்கிறார்கள் என்று ஆனது. யார் கொடுக்க முடியும்? சாவி வைத்திருப்பவன் ஒருவன்தானே! உள்ளே திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்ட எனக்கு அதிகாரமில்லை என்று ஞானாபரணம் சொன்னது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வம்பு முற்றினால் மாடசாமி பீடத்துக்கு முன்னால் இரண்டு தரப்பும் நின்று, எரிகிற சூடத்தைக் கையில் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மாமா முதலில் போனார். "ஃபேக்டரி ஓடுற சத்தம் எங் காதுல கேட்டுது. பொய்யின்னா எங் குடி அழிஞ்சு போகட்டும்" என்று சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அமுக்கினார். கை கொப்பளித்தது. அடுத்து ஞானாபரணத்தைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு சத்தியம் பண்ணப் பாடில்ல" என்றார் அவர். "சாமி முன்னாலயும் பாடில்ல, வேதபுஸ்தகத்து மேலயும் பாடில்ல. நான் யாருக்கும் திறந்து விடல. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

சத்தியம் செய்யவே கூடாது என்று அவர் சபையில் கண்டிப்பு. எங்களுக்கு அது தெரியும், பல வருஷமாகத் தெரியும். தெரிந்தும், அன்றைக்கு அவர் கைகட்டி நின்றது எங்கள் கண்ணுக்குக் குற்றவாளி நிற்பதாகவே தெரிந்தது. சத்தியத்துக்குப் பயப்படுகிறவன் எதையோ மறைக்கிறான். இதுதான் எங்கள் நியாயம். கும்பலில் நானும் நின்றேன். சுசீலாபாய் அவர் சட்டையைப் பிடித்து, "ஒரு வாட்டி பண்ணுங்களேன், கர்த்தர் மன்னிப்பாரு" என்று கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டோடு யாரும் பேசவில்லை. குழாயடிக்கு சுசீலாபாய் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவளும் மாமாவுக்கு மரச்சீனி கொடுத்து விடுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது கோபத்தில் இல்லை, வெட்கத்தில். ஒரு நாள் என்னை வழியில் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணாச்சி மெஷின் காரியத்துல தப்பாச் சொல்ல மாட்டாரு, இல்லியா மக்களே?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச காலத்தில் அவர்கள் பெட்டி படுக்கையோடு பாறசாலைக்கே இறங்கிப் போனார்கள். ஃபேக்டரி திறக்கவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மலையிறங்கி, நகரத்துக்குள் கரமனையில் குடித்தனம் வந்தேன். பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மாமாவையும் கூட்டி வந்தேன். பஸ் சத்தத்தில் அவர் கொஞ்சம் தெளிந்தது போலத்தான் இருந்தது. தெரு அடங்கினால் மட்டும், "மோட்டார் ஓடுது" என்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அதைச் சொல்கிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவரும் அதுதான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வேறொரு தொல்லை வந்தது. பேசினால் காதில் விழாது, சின்னச் சத்தமோ ஈட்டியாகப் பாயும். என் மகள் ஷாலு எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டாள் என்று அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினார். குழந்தை பயந்து அழுதது. அந்த அழுகையையும் அவரால் தாங்க முடியவில்லை. கேட்கவும் மாட்டேன் என்கிறது, கேட்டால் தாங்கவும் மாட்டேன் என்கிறது, இது என்ன காது என்று நான் எரிந்து விழுந்தேன். காதில் வைக்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தால் தொல்லை தீரும் என்று நினைத்து, ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

காது பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் மாளவிகா. ஸ்ரீவராகத்து அக்ரகாரப் பெண், எங்களோடு தமிழிலேயே பேசினாள். சுவரெல்லாம் மெத்தை வைத்து அடைத்த ஒரு சின்ன அறையில் மாமாவை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா இதை அமுக்கணும் மாமா. கேக்கலைன்னா கையை எடுத்துடணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கனமான கதவைச் சாத்தினாள். நான் அவளோடு கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் முன்பே அவள் மேஜை மெஷினில் விளக்கு எரிந்தது. மாமா பொத்தானை அமுக்கியிருக்கிறார். அமுக்கியவர் விடவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாளவிகா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"மாமா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"அது சரிம்மா. மொதல்ல அந்த மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. அது ஓடுறப்ப வேற எதுவும் எப்படிக் கேக்கும்?"

"எந்த மோட்டார்?"

"இந்தா, ஓடுதே! ரோலரு ஓடுற மாதிரி." சொல்லிவிட்டு மாமா நிறுத்தினார். மெத்தைச் சுவரைப் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மாளவிகா நல்ல பெண். அவசரப்படாமல் சோதனையெல்லாம் முடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாகச் சொன்னாள். "இந்த ரூமுக்குள்ள வெளிச் சத்தம் வராது கேட்டேளா. நீங்க கேக்கறது வெளியில இல்லை. அத்தனை வருஷம் அத்தனை சத்தத்துல நின்னதால காதுக்குள்ள சத்தத்தைப் பிடிக்கற நுண்ணிய செல்லெல்லாம் அழிஞ்சு போயிருக்கு. வலது காதுல ரொம்பவே போயிடுத்து. காதுலேர்ந்து மூளைக்குப் போற வழியில, சத்தத்தை ஒண்ணுக்கொண்ணு கைமாத்தி மேல அனுப்பற நரம்புக் கூட்டங்கள் இருக்கு. கீழேர்ந்து வர்றது குறைஞ்சுபோனா அதெல்லாம் சும்மா இருக்கறதில்லை. வேகத்தைத் தானாவே கூட்டிக்கறது. ஒண்ணும் வராதப்போவும் வந்தா மாதிரி மேல அனுப்பறது. மூளைக்கு அது சத்தமாவே கேக்கறது."

மாமா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இலை வராட்டியும் ரோலர் சும்மா சுத்துற மாதிரியா?"

"ஆமா, அப்படியே வச்சுக்கோங்கோ."

"காலி ரோலருக்குத்தான் சத்தம் சாஸ்தி" என்றார் மாமா, தனக்குள் பேசுகிறவராக.

டம்ளர் சத்தம் ஈட்டியாகப் பாய்வதும் இதனால்தான் என்று மாளவிகா சொன்னாள். கூட்டி வைத்த வேகத்தில் சின்னதும் பெரிதாகி விடுகிறதாம். இதற்கென்று மருந்து கிடையாதாம். அமைதியான இடத்தில் இது அதிகமாகத் தெரியும், அதனால் ஃபேனோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும், தண்ணீர் ஓடுகிற சத்தம் பக்கத்தில் இருந்தால் இது அமுங்கிப்போகும் என்றும் சொன்னாள்.

தண்ணீர் என்றதும் எனக்கு ஃபேக்டரிப் பக்கத்து ஓடை ஞாபகம் வந்தது. மாமாவுக்கு அது காதில் விழுந்ததா என்று திரும்பினேன். விழுந்திருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"இது எப்ப தொடங்கியிருக்கும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"காது போனது கொஞ்சம் கொஞ்சமா. ஃபேக்டரி ஓடற வரைக்கும் அந்தச் சத்தத்துல இது தெரிஞ்சிருக்காது. அது நின்ன அப்புறம்தான் நீங்க கவனிச்சிருப்பேள்."

பஸ்ஸில் வந்து கரமனையில் இறங்கியதும் மாமா கேட்டார்: "பாறசாலையில ஞானாபரணம் வீடு எங்கேன்னு விசாரிக்க முடியுமா தாயி?"

விசாரித்தேன். சபைப் பெயரைச் சொன்னதும் ஆளைக் காட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஞானாபரணம் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். ஆள் பாதியாகியிருந்தார். "அண்ணாச்சியா? வந்தியளா, உள்ள வாங்க" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவரே அடுப்பைப் பற்றவைத்துக் பாலில்லாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். சுவரில் சுசீலாபாயின் போட்டோவுக்குக் கீழே ஒரு சின்ன பல்பு எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் சொன்னார். செவிடர் ஆனதால் அவர் குரல் பெரிதாகத்தான் வரும். தெருவுக்கே கேட்டிருக்கும். "ஃபேக்டரி ஓடல ஞானாபரணம். எந் தலைக்குள்ளதான் ஓடியிருக்கு. ஒன் மேல பழியப் போட்டுட்டேன்" என்று சொல்லி, எழுந்து கையைப் பிடித்தார்.

ஞானாபரணம் கையை விலக்கவில்லை. "நீங்க கள்ளம் சொல்லலியே அண்ணாச்சி. கேட்டதத்தானே சொன்னிய" என்றார். "நீங்க கள்ளம் சொல்ற ஆளில்லன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நானே பயந்துட்டேன். தினமும் வெளுப்பாங்காலம், விடியுமுன்ன, பின்கதவு வழியா உள்ள போயி ஒவ்வொரு ரோலராத் தொட்டுப் பாப்பேன், சூடு இருக்கான்னு. எனக்குத் தெரியாம யாரும் ஓட்டிட்டாவளோன்னு. எல்லாம் குளுந்து போயிக் கிடக்கும்."

மாமாவுக்குக் கேட்கவில்லை. நான் அவர் காதருகில் குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அப்படி ஒரு வேலை எந்த மருமகளுக்கும் வர வேண்டாம்.

"சுசீலாவுக்கு எல்லாம் தெரியணும்" என்றார் மாமா. "கல்லறை எங்க இருக்கு? நான் வந்து அவகிட்ட சொல்லுதேன், நீ செய்யலன்னு."

ஞானாபரணம் போட்டோவைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணாச்சி" என்று தலையை அசைத்தார்.

"ஏன்?" என்றார் மாமா.

"அவளுக்கு எனக்க வார்த்தையவிட உங்க காது மேலதான் நம்பிக்கை. தீனம் முத்திப் படுத்த பிறகும் அதத்தான் கேப்பா. 'இப்பயாவது ஒத்துக்கிடுங்க, நீங்க பாவத்தோட நின்னா நான் எப்படி நிம்மதியா போவேன்'னு அழுவா. ஜெபம் பண்ண விடமாட்டா, கஞ்சி குடிக்க மாட்டா. கடைசியில நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டது நான்தான்.

"ஆமா, நான்தான் திறந்து விட்டேன்னு சொன்னேன் மக்களே. எனக்க ஜீவிதத்துல தெரிஞ்சு சொன்ன கள்ளம் அது ஒண்ணுதான். அவ எனக்க தலையில கைய வச்சு மன்னிச்சிட்டேன்னு சொன்னா. அன்னைக்குத்தான் கஞ்சி குடிச்சா. மறுநாள் போயிட்டா." அவர் குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இனி போயி அது கள்ளமுன்னு அவகிட்ட சொல்லவேண்டாம். சமாதானமா போனவ."

ஒரு சூடத்தை அணைத்துவிட்டு நிம்மதியாக வாழ்ந்திருக்க வேண்டிய மனிதர். அதைச் செய்ய மாட்டேன் என்றவரை, செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோம். இதையும் மாமாவின் காதருகில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியில் உட்காரப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞானாபரணம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஆறிப்போன சாயாவைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாமா மூன்று நான்கு வருஷம் இருந்தார். மாளவிகா சொன்னபடி அவர் படுக்கிற அறையில் ஃபேனை ஓடவிட்டேன், ரேடியோவும் வாங்கி வைத்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் இரண்டையும் நிறுத்திவிடுவார். திரும்பி வந்து பார்த்தால் அமைதியாக இருக்கும், அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தச் சத்தம் அமுங்கத்தானே இதெல்லாம்? ஏன் நிறுத்துறீங்க?" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் தாயி" என்றார். "ஞானாபரணம் தினமும் போயி அந்த மெஷினத் தொட்டுப் பாத்துருக்கான். அவனுக்கு ஒரு நாளும் கேக்கல, பழிய மட்டும் சுமந்தான். கேட்டவன் நான் ஒருத்தன்தானே, நான் கேக்கேன்."

நான் ஃபேனைப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.